அத்தியாயம் 6: கிட்டாரில் ஹம், கரகரப்பு, கீச்சொலி – எங்கே தேடுவது?

எலெக்ட்ரிக் கிட்டாரில் வேண்டாத சத்தம் வந்தால் பெரும்பாலோர் பழி போடுவது பிக்கப்பின் மீதுதான். புது பிக்கப் வாங்கி மாட்டுகிறார்கள். சத்தம் அப்படியே நிற்கிறது. யாரோ சொல்லக் கேட்டு உள்ளே முழுக்கச் செப்புத் தாள் ஒட்டுகிறார்கள். அப்போதும் பாதிதான் குறைகிறது. உண்மையில் பிக்கப் கெட்டுப்போவது அபூர்வம். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பியும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. 1950களில் செய்த பிக்கப்புகள் இன்றும் மேடையேறுகின்றன. கெடுபவை எல்லாம் கை படும் இடங்களும் அசையும் இடங்களும்: கேபிள் செருகும் ஜேக், திருகும் வால்யூம், தள்ளும் ஸ்விட்ச், இவற்றைப் பிணைத்திருக்கும் ஈயப் பற்று. அதனால் இந்த அத்தியாயத்தில் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் கிட்டாரைத் திறக்காதீர்கள்.

கேரி தீவுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. மேற்கே மலாக்கா நீரிணை, மறுபக்கம் லங்காட் ஆறு, ஓரமெல்லாம் அலையாத்திக் காடு, நடுவே செம்பனை. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதுமே ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில்தான் வாழ்கிறது. தீவில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஏர்கான் போட்ட அறையில் வைத்த கிட்டாருக்குப் பல வருடம் கழித்து வரும் கோளாறு, ஜன்னல் திறந்தே கிடக்கும் தோட்டத்து வீட்டில் சீக்கிரமே வந்துவிடும். இணையத்தில் நாம் பார்க்கும் விளக்கங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்பவை. காய்ந்த காற்றில் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் வரும் ‘பட்பட்’ ஓசையைப் பற்றி அவர்கள் நிறையப் பேசுவார்கள். நமக்கு அது அநேகமாக இல்லாத பிரச்சினை. நம் எதிரி ஈரம்.

முதலில் காது

சத்தத்துக்கு வகை உண்டு. வகையைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் வருவது ஹம். நம் வீட்டுக் கரண்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் வயரும் ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரும் எழுப்பும் புலத்தை பிக்கப்போ, எர்த் விட்டுப்போன வயரோ பிடித்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். ஆம்பின் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கேப்பாசிட்டர்கள் காய்ந்துபோனால் வருவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ். இரண்டையும் பிரிக்க கிட்டாரே போதும். ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் கிடைக்கும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு ஒட்டிப் போனால் 100, அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் 50. சின்ன ஸ்பீக்கரில் 50 சரியாகக் கேட்காது, அதன் மடங்குகள்தான் கேட்கும். ஆகவே இதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். அமெரிக்காவில் கரண்டு 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் வீடியோவில் கேட்கும் ஹம் நம் ஹம்மோடு சுருதி சேராது.

‘ஸ்ர்ர்ர்’ என்று கூராக, தேனீ மாதிரி வருவது வேறு. டிம்மர் ஸ்விட்ச், மலிவு எல்இடி விளக்கு, போன் சார்ஜர், பெடலுக்குப் போடும் தரமில்லாத அடாப்டர் ஆகியவை பெற்ற பிள்ளை அது. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் நிற்கிறதோ அதுதான். கிட்டாரைத் தொடவே வேண்டியதில்லை.

‘கரகர’ என்று வருவது எங்கோ தொடுப்பு சரியில்லை என்பதற்கு அடையாளம். திருகும்போது வந்தால் வால்யூம் அல்லது டோன், தள்ளும்போது வந்தால் ஸ்விட்ச், நடக்கும்போது வந்தால் கேபிள் அல்லது ஜேக்.

ஓவர்டிரைவ் ஏற்றியதும் ‘கீச்’ என்று கத்தினால் பிக்கப் மைக் மாதிரி வேலை செய்கிறது. பிக்கப்பின் மேல் விரல் நகத்தால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘டொக்டொக்’ என்று பலமாகக் கேட்டால் உள்ளே கம்பியோ மேல் மூடியோ தளர்ந்து ஆடுகிறது. மெழுகில் முக்கி எடுப்பது இதற்கு மருந்து. ஆனால் வெப்பம் சற்று மீறினாலும் பிக்கப் பாழாகும், மெழுகும் தீப்பிடிக்கும். அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வால்யூமை ஜீரோவில் வையுங்கள்

இந்த ஒரு சோதனைக்குச் செலவில்லை, கருவியும் வேண்டாம். இதைச் செய்யாமலே கிட்டாரைத் திறப்பவர்கள்தான் அதிகம்.

கிட்டாரை ஆம்பில் செருகி, சத்தம் வரும் நிலையில் கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். வால்யூம் ஜீரோவில் இருக்கும்போது ஜேக்குக்குப் போகும் ஹாட் வயர் (ஒலி சிக்னல் ஓடும் வயர்) நேராக எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. பிக்கப்பிலிருந்து எதுவும் வெளியே வர வழியில்லை. இப்போது சத்தம் நின்றுவிட்டால், கோளாறு வால்யூமுக்கு முந்தைய பகுதியில்: பிக்கப், ஸ்விட்ச், அவற்றின் வயர்கள். நிற்கவில்லையென்றால், வால்யூமுக்குப் பிந்தைய பகுதியில்: ஜேக், கேபிள், பெடல், ஆம்ப். சத்தம் குறைந்தும் குறையாமலும் இழுத்தால் வால்யூமின் எர்த் கால் விட்டுப்போயிருக்கலாம்.

ஜீரோவிலும் சத்தம் நிற்காதபோது வேறு நல்ல கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பெடல்களை எல்லாம் கழற்றி கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். பிறகு ஆம்பிலிருந்து கேபிளையே உருவிவிடுங்கள். ஒன்றும் செருகாத ஆம்பே ஹம் அடித்தால் கிட்டாரில் எந்தக் குற்றமும் இல்லை. வால்வு ஆம்பை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதன் கேப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கலாம்.

ஜீரோவில் சத்தம் நின்றுவிட்டவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது: வால்யூமை ஏற்றிவிட்டு, கிட்டாரை மடியில் வைத்தபடி நாற்காலியோடு மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஹம் ஏறி, இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்தால் அது காந்தப் புலம். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் இயல்பு அது, கோளாறு கிடையாது. ஆம்பை விட்டுத் தள்ளி உட்காருவதே முதல் நிவாரணம். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் ஸ்விட்சின் 2, 4 ஆகிய இடங்களில் மட்டும் ஹம் குறைகிறதா? நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டது என்று பொருள். வயரிங் சரியாக இருப்பதற்கு அதுவே சாட்சி.

தந்தியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் பயப்பட வேண்டாம். நம் உடம்பு சுற்றியுள்ள மின்புலத்தைப் பிடித்து கிட்டாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தந்தியைத் தொட்டதும் அது எர்த்துக்குப் போய்விடுகிறது. தொட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம். தொட்டதும் சத்தம் பெரிதாக எகிறினால் ஜேக்கில் ஹாட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கின்றன. புதிதாக ஜேக் மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

தீவிலிருந்து வந்த ஒரு கிட்டார்

கேரி தீவுத் தோட்டத்திலிருந்து இளைஞர் ஒருவர் கிள்ளானுக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஸ்ட்ராட் வடிவத்தில் விலை குறைந்த கிட்டார்.

“அண்ணே, பிக்கப் போயிருச்சுண்ணே. வாசிக்கவே முடியல, ஒரே கரகரன்னு இருக்கு. புதுசு போட்டுரலாமா?”

“அவசரப்படாத தம்பி. வால்யூம ஜீரோல வை. இப்ப கேபிள லேசா ஆட்டு.”

கரகரப்பு அப்படியே வந்தது. கேபிளை மாற்றினோம். மறுபடியும் வந்தது. பிக்கப் அங்கேயே குற்றமற்றதாகிவிட்டது. மிஞ்சியது ஜேக்.

படகு வடிவத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றித் தகட்டைத் திருப்பிப் பார்த்தபோது கதை முழுதும் தெரிந்தது. கேபிளின் முனையைப் பிடிக்கும் வளைந்த நாக்கு பளபளப்பு போய்க் கறுத்திருந்தது. எர்த் வயர் பற்றிய காலைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. வெளியே நட்டு தளர்ந்தபோதெல்லாம் அவர் விரலாலேயே முறுக்கியிருக்கிறார். நட்டோடு ஜேக்கும் சேர்ந்து சுற்றி, வயரின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் ஓரிரு இழைதான் மிச்சம். அதுவும் தொட்டால் விடும் நிலை.

கறுத்த ஜேக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். ஆனால் மேல்பூச்சு போன உலோகம் இந்தக் காற்றில் மறுபடியும் கறுக்கும். சில ரிங்கிட்டில் கிடைக்கும் பொருளுக்காக மேடையில் அவமானப்பட வேண்டாம்; புதிது மாற்றுவதே புத்திசாலித்தனம். நட்டை இறுக்கும்போது ஜேக்கின் உடம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், ஜேக் கோளாறில் பெரும்பகுதி வராது. வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட்டு, கிட்டாரைப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் ஈரத்தைக் குடித்துத் தீர்ந்ததும் மாற்ற வேண்டும். பழைய பொட்டலம் பையில் இருந்து பயனில்லை.

திருகும்போது கரகரக்கும் வால்யூமுக்கு காண்டாக்ட் கிளீனர் போதும். கால்களுக்கு மேலே இருக்கும் சின்ன இடைவெளி வழியாகக் கொஞ்சம் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய் உள்ளேயே தங்கி தூசியைப் பிடித்து வைக்கும். கிளீனர் அடித்தும், புது வால்யூம் போட்டும்கூடத் திருகும்போது கரகரத்தால் வெளியே பாருங்கள். பெடலின் அல்லது ஆம்பின் உள்ளீட்டில் கசியும் கேப்பாசிட்டர் வழியாக டிசி வோல்ட் கிட்டாருக்குள் வந்துகொண்டிருக்கும். கிட்டாரை வேறு ஆம்பில் செருகினால் உண்மை தெரிந்துவிடும்.

மல்டிமீட்டர்

கிட்டாரைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்க்க மல்டிமீட்டர் உதவும். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமையும் டோனையும் 10இல் வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள்.

ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் பொதுவாக 5.5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். இரட்டைச் சுருள் உள்ள சாதாரண ஹம்பக்கர் 7 முதல் 9 வரை, பலமானவை அதற்கு மேலும். வால்யூமும் பக்கத்தில் இணையாக நிற்பதால் உண்மையான அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். 6 கிலோ ஓம் பிக்கப்பும் 250 கிலோ ஓம் வால்யூமும் சேர்ந்தால் 5.86. பிக்கப்புக்குப் பதில் 250ஐ ஒட்டி (ஹம்பக்கர் கிட்டாரில் 500ஐ ஒட்டி) எண் வந்தால், மீட்டருக்கு வால்யூம் மட்டும்தான் தெரிகிறது. பிக்கப் வயரோ ஸ்விட்சோ விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் வந்தால் எங்கோ ஹாட் வயர் எர்த்தைத் தொடுகிறது. மீட்டர் அளவே காட்டாமல் திறந்த சுற்று என்று சொன்னால் வால்யூமுக்கும் ஜேக்குக்கும் நடுவில் அறுந்திருக்கிறது. எண்ணைப் பார்த்தபடியே ஸ்விட்சை ஒவ்வொரு இடமாகத் தள்ளுங்கள், ஜேக்கை அசையுங்கள். எண் எப்போது துள்ளுகிறதோ அங்கே கைவையுங்கள்.

அடுத்து ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையைக் கேபிளின் தண்டிலும் வையுங்கள். ஓரிரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் பிரிட்ஜ் எர்த்தைத் தேடுங்கள். டிரெமலோ உள்ள கிட்டாரில் அது பின்பக்க ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டில் பற்றப்பட்டிருக்கும். பிரிட்ஜ் அசையாத கிட்டாரில் தோல் உரித்த கம்பி பிரிட்ஜுக்கு அடியில் வெறுமனே நசுங்கிக் கிடக்கும். வியர்வையும் உப்புக் காற்றும் போய்ச் சேர்வது அங்கேதான். பிரிட்ஜைத் தூக்கி, கம்பியையும் தகட்டின் அடிப்பகுதியையும் மணல்தாளால் தேய்த்து வையுங்கள். ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாருக்கு இந்த வயர் தேவையில்லை. இல்லாமலிருப்பதைக் கோளாறு என்று நினைத்துப் புதிதாக இழுக்காதீர்கள்.

ஈயம் பற்றுவது

விட்டுப்போன பற்று மங்கி, சொரசொரப்பாக, உருண்டையாக நிற்கும். நல்ல பற்று பளபளத்து, வயரோடும் தகட்டோடும் வழிந்து ஒட்டியிருக்கும். ரோசின் உள்ளே இருக்கும் 60/40 ஈயம் கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும்; ஜேக், வால்யூம், ஷீல்ட் வயர் எல்லாம் அங்கேயே வாங்கலாம். தண்ணீர்க் குழாய் பற்றும் அமில ஃப்ளக்ஸ் வேண்டாம். அது கம்பியை அரிக்கும்.

பலருக்கும் தகராறு தருவது வால்யூமின் முதுகில் எர்த் வயர் பற்றும் வேலை. தகடு பெரியது என்பதால் சூட்டை எல்லாம் அது குடித்துவிடுகிறது. 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுத்தினால் ஈயம் ஒட்டும் முன் உள்ளே இருக்கும் கார்பன் பாதை வெந்துவிடும். 40 முதல் 60 வாட் அயர்ன், அகலமான நுனி வேண்டும். முதுகை மணல்தாளால் சுரண்டி, முதலில் தகட்டில் கொஞ்சம் ஈயம் பூசி, பிறகு வயரை வைத்து, நான்கைந்து விநாடியில் முடித்துவிடுங்கள். ஈயம் இறுகும்வரை வயரை அசைக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், முடித்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

எர்த் இரண்டு வழியாகப் போனால் கிட்டாருக்குள்ளேயே ஹம் சுழலும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தச் சின்னக் குழிக்குள் அது மிகையான பயம் என்பது என் முடிவு. எர்த் எல்லா இடத்துக்கும் உறுதியாகப் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

செப்புத் தாள் செய்வதும் செய்யாததும்

செப்புத் தாளும் கார்பன் கலந்த கறுப்புப் பெயின்டும் மின்புலத்தைத் தடுக்கும். ‘ஸ்ர்ர்ர்’ என்ற கூரான இரைச்சலும், தந்தியைத் தொட்டதும் குறைகிற ஹம்மும் இவற்றால் நன்றாகக் குறையும். ஆனால் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம் அந்த மெல்லிய செம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். நாற்காலியில் சுற்றிப் பார்த்தபோது திசைக்குத் திசை மாறிய ஹம், செம்பு ஒட்டினால் போகாது. இது தெரியாமல் நாள் முழுக்க ஒட்டிவிட்டு மனம் நொந்தவர்கள் நிறைய.

அந்தக் காந்த ஹம்முக்குத் தீர்வு கிப்சன் நிறுவனத்தில் பிறந்தது. அங்கே பொறியாளராக இருந்த செத் லவர், இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். தந்தியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடும். வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. அதுதான் ஹம்பக்கர். சிங்கிள் காயிலின் தொனிதான் வேண்டும், ஹம் வேண்டாம் என்பவர்கள் அதே அளவில் வரும் ஹம் அடக்கும் பிக்கப்புகளைத் தேடலாம்.

செம்பு ஒட்டுவதென்று முடிவு செய்தால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். துண்டுக்குத் துண்டு தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். பசை மின்சாரம் கடத்தாத வகை என்றால் ஒட்டுகளில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். ஒட்டிய செம்பு முழுவதும் எர்த்தில் சேர வேண்டும். சேராத செம்பு ஆன்டெனாதான். ஜேக் குழிக்குள் கேபிளின் நுனி செம்பில் படாதபடி அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்; பட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். ஸ்விட்சிலிருந்து ஜேக்குக்குப் போகும் நீளமான வயருக்கு ஷீல்ட் வயர் போடுங்கள். பல கிட்டார்களில் அதுவே போதும், செம்பு வரை போக வேண்டியதே இல்லை.

கோயில் திருவிழாவும் எர்த் பின்னும்

வீட்டில் ஒழுங்காக இருக்கும் கிட்டார் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மட்டும் ஹம் அடிப்பதற்குக் காரணம் அநேகமாக மேடைதான். பாட்டுக்குழுவின் மிக்ஸருக்கு ஒரு பக்கத்திலிருந்து கரண்டு, கிட்டார் ஆம்புக்கு இன்னொரு பக்கத்திலிருந்து கரண்டு. இரண்டையும் ஓர் ஆடியோ கேபிள் இணைத்ததும் எர்த் வழியே ஒரு வளையம் உருவாகி அதில் ஹம் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைத்து அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தள்ளுங்கள். அது துண்டிப்பது ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும்தான். சீரியல் விளக்குச் சரங்களின் வயரோடு கிட்டார் கேபிளைச் சேர்த்துக் கட்டாதீர்கள்; குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகத் தாண்டவிடுங்கள்.

ஹம்மை நிறுத்த சிலர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டிவிடுகிறார்கள். பின் இல்லாத பிளக் நம் ஊர் சாக்கெட்டில் இறங்காது. அதற்கு எர்த் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து செருகுவார்கள். ஹம் நிற்கவும் கூடும். நின்றதன் விலையைப் பாருங்கள். தந்தி, பிரிட்ஜ், கேபிளின் வலை, ஆம்பின் உடம்பு, எர்த் பின் எல்லாம் ஒரே கோடு. பின் போய்விட்டால், ஆம்புக்குள் ஏதாவது கசிந்த அன்று அந்த 230 வோல்ட் தந்தியில் வந்து நிற்கும். இடது கை தந்தியில், உதடு மைக்கில். 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி மேடையில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, கரண்டு தாக்கி இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்டு தாக்கி இறந்தார்.

மேடையேறியதும், மைக்கில் உதடு வைக்கும் முன், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து தந்திக்கும் மைக்கின் வலைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். பதிவு பெற்ற வயர்மேன் வந்து பார்க்கட்டும். ஜெனரேட்டரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள எக்ஸ்டென்ஷனைக் கேட்டு வாங்குங்கள், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். எர்த் பின் வெட்டிய பிளக் உங்கள் வீட்டிலோ குழுவிலோ ஒன்று கிடந்தால், அடுத்த ஒத்திகைக்கு முன் அதை எறிந்துவிட்டு மூன்று பின் பிளக் மாட்டிவிடுங்கள்.